அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பம்: செட்டில்மென்ட்டா, உயிலா, பவரா? (வேலூர்)

சத்துவாச்சாரி மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

அப்பாவுக்கு 76 வயது, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்மவான்பேட்டை பக்கம்தான் எங்கள் ஊர், அங்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள், இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். சத்துவாச்சாரியில் அவரே சம்பாதித்துக் கட்டிய வீடு இருக்கிறது, பத்திரம் பட்டா எல்லாம் அவர் பெயரில். ஊரில் தாத்தா வழியில் வந்த நிலம் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. பென்ஷன் வருகிறது. அம்மாவுக்கு 70, முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது, வங்கி வேலை எதுவும் தெரியாது, எல்லாம் அப்பாதான்.

போன வருஷத்திலிருந்து அப்பாவுக்கு மறதி. முதலில் வயசுதானே என்று விட்டுவிட்டோம். அப்புறம் கரண்ட் பில் கட்டியதை மறந்து மறுபடி கட்டப் போவது, தெரிந்த தெருவிலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்பது என்று போனதும் டாக்டரிடம் காட்டினோம். டிமென்ஷியா, ஆரம்ப நிலை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறார். பேப்பர் படிக்கிறார், 71 யுத்தம் நடந்தபோது ஊர் எப்படி இருந்தது என்று பேரனுக்குக் கதை சொல்கிறார். சாயங்காலம் ஆனால்தான் கொஞ்சம் குழப்பம்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பெங்களூரில், அக்கா ஆரணியில், நான் இங்கேயே நடந்துபோகும் தூரத்தில். அண்ணன், "வீட்டை என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடட்டும், ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்கிறார். அக்கா, "அதெல்லாம் வேணாம், உன் பேருக்கு ஒரு பவர் எழுதி வாங்கிக்கோ, நீதானே பக்கத்துல இருக்க, எது நடந்தாலும் நீ கையெழுத்து போட்டுக்கலாம்" என்கிறாள். அம்மாவிடம் கேட்டால் மனுஷன் உயிரோடு இருக்கும்போது சொத்துப் பேச்சு எதுக்கு என்று எழுந்து போய்விடுகிறார்.

எனக்குச் சொத்து ஆசை இல்லை, மனதாரச் சொல்கிறேன். நாளைக்கு அப்பாவுக்கு முழுநேர ஆள் வைக்க வேண்டி வந்தால் பணம் எங்கிருந்து எடுப்பது, ஆஸ்பத்திரியில் யார் முடிவு சொல்வது, அப்பாவுக்குப் பிறகு அம்மாவை யாரும் வீட்டை விட்டு எழுப்பிவிடாமல் இருக்க என்ன செய்வது, இந்த மூன்றும்தான் என் கவலை. எதை முதலில் செய்ய வேண்டும்?

---

குடியாத்தம் கரை

அக்கா, முதலில் பவர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். என் மாமனார் நல்லா இருந்தபோதே என் வீட்டுக்காரர் பெயருக்கு பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் அவருக்கு நோய் முற்றி ஆளே தெரியாத நிலை வந்ததும், படுக்கையில் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும், வைப்புத்தொகையை உடைக்கலாம் என்று வங்கிக்குப் போனோம். மேலாளர் பவரை வாங்கிப் பார்த்தார், உங்க அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டார், இவரும் உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பவர் இனி செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோபமாகத்தான் வந்தது. ஆனால் சட்டமே அப்படித்தான் இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. எழுதிக் கொடுத்தவருக்குச் சுயநினைவு போய்விட்டால் பவரும் அதோடு முடிந்தது. பவர் எதற்காக வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, சரியாக அந்த நேரத்தில்தான் அது கைக்கு உதவாது. வெளிநாட்டில் சில இடங்களில் மனநிலை போன பிறகும் தொடரும் பவர் இருக்கிறதாம், நம் நாட்டில் அது இல்லை. இப்போது வங்கிக்குப் போக, வரி கட்ட என்று அப்பா தெளிவாக இருக்கும் வரைக்கும் வேண்டுமானால் உங்கள் பெயரில் பவர் வைத்துக்கொள்ளலாம். அதையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

---

ஆற்காடு பத்திரக்காரர்

அம்மா, நான் நெடுங்காலம் பத்திரம் எழுதியவன், இப்போது தொழிலை விட்டுவிட்டேன். உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அவர்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் செட்டில்மென்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அல்லது அவசரப்பட்டு வேண்டாம்.

காரணம் இதுதான். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். பட்டாவும் மாறிவிடும், வில்லங்கம் போட்டால் அவர் பெயர் வரும். பிறகு அப்பா மனசு மாறினாலும் தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் போட்டு அதை எடுக்க முடியாது. உயில் அப்படி இல்லை. இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வீடு கடைசி வரை அப்பாவுடையது. முழுநேர ஆள் வைக்கப் பணம் வேண்டும் என்றால் அப்பா தெளிவாக இருக்கும் வரை அந்த வீட்டை வைத்தே ஏதாவது செய்ய முடியும். அண்ணன் பெயருக்குப் போய்விட்டால் அவர் தயவுதான்.

மக்கள் செட்டில்மென்ட் பக்கம் போவதற்குக் காரணம் செலவு குறைவு. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிலும் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் உச்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்னால் இது 25,000, 4,000 என்று இருந்தது. ஆனால் உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது என்பதை யாரும் யோசிப்பதில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட்டால் சட்டப்படி அது உயில்தான். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் பதிவு செய்யத்தான் சொல்வேன். டிமென்ஷியா என்று சீட்டு இருக்கிறது, நாளைக்கு யாராவது "அப்பாவுக்கு அப்பவே புத்தி சரியில்லை, பக்கத்தில் இருந்தவள் எழுதி வாங்கிட்டா" என்று கிளப்பினால் பதில் வேண்டும்.

அதனால் பதிவு செய்யும் அன்றைக்கே, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அப்பா தன் சொத்து என்ன, பிள்ளைகள் யார், எழுதுவது என்ன என்று புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று ஒரு சான்று வாங்குங்கள். முடிந்தால் டாக்டரே ஒரு சாட்சியாக இருக்கட்டும். பலன் அடைகிறவர்களோ அவர்கள் வீட்டுக்காரர்களோ சாட்சி போட வேண்டாம், சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பும். சாயங்காலம்தான் குழப்பம் என்றீர்களே, காலை நேரத்துக்கே டோக்கன் போடுங்கள். அலுவலகத்துக்கு வர முடியாதபடி உடம்பு முடியவில்லை என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது, அதற்குத் தனியாக மனு கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். உயிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் இப்போது தெரிய வேண்டாம் என்றால் உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அம்மாவுக்காக உயிலில் ஒரு வரி கட்டாயம் வர வேண்டும்: "என் மனைவி அவர் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் வசித்து, வாடகை வருமானத்தையும் அனுபவித்து வர வேண்டியது, அவர் காலத்துக்குப் பிறகு இன்னார் இன்னாருக்கு." ஆயுள் உள்ளவரை விற்கவோ அடமானம் வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

---

வேலூர் கோர்ட் வளாகம்

மேலே பெரியவர் சொன்னது எல்லாம் சரி. வக்கீலாகச் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஒருவேளை எல்லோரும் பேசி அண்ணனுக்கே செட்டில்மென்ட் என்று முடிவானால், பத்திரத்தில் நிபந்தனையை எழுதாமல் விடவே விடாதீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, அதில் 23வது பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகக் கருதி ரத்து செய்யக் கோரலாம். மனு கொடுக்க வேண்டியது கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்.டி.ஓ., அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். மேல்முறையீடு கலெக்டர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். பெற்றோரால் வர முடியாவிட்டால் அவர்கள் அதிகாரம் கொடுத்த வேறு ஒருவர் மனு போடலாம். மாதப் பராமரிப்புத் தொகையும் இதே இடத்தில் கேட்கலாம், சட்டத்தில் 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு.

நிபந்தனை எழுதாத பத்திரங்களில்தான் சண்டை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகச் சொல்லவோ நிரூபிக்கவோ இல்லை என்றால் 23வது பிரிவு வராது என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், தாய் மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்து, இது முதியோரைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்றது. அதே வருஷம் மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுக்கிறேன் என்பதிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சொன்னது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் 76 வயதில், நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் வழக்கு நடத்துவதை நினைத்துப் பாருங்கள். உணவு, இருப்பிடம், மருத்துவம், ஆள் வைக்கும் செலவு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும், இருவர் ஆயுள் வரையிலும் என்று இரண்டு வரி சேர்த்துவிட்டால் இத்தனை வாதம் வேண்டியதில்லை.

ஊர் நிலம் தனி விஷயம். தாத்தா எப்போது இறந்தார், அப்பா கைக்குப் பாகப்பிரிவினையில் வந்ததா வாரிசுரிமையில் வந்ததா என்பதைப் பொறுத்து அது பூர்வீகமா, அப்பாவின் தனிச் சொத்தா என்று மாறும். பூர்வீகம் என்றால் அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். பெண்களுக்கும் பிறப்பிலேயே சம பங்கு, கல்யாணமாகிவிட்டதால் போகாது, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு யாராவது ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள், இங்கே எழுதி முடிகிற காரியம் இல்லை.

உயில் எதுவும் இல்லாமல் அப்பா காலமானால் அவர் தனிச் சொத்து அம்மா, நீங்கள் மூவர் என நான்கு சம பங்காகப் போகும், பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அந்த நிலையில் பங்குதாரர் ஒருவர் பிரித்துக் கொடு என்று வழக்குப் போட்டால் அம்மா குடியிருக்கும் வீட்டுக்கே பிரச்சினை. உயில் அவசியம் என்று சொல்வது இதனால்தான். வேலூரில் உள்ள சொத்துக்கு, வேலூரில் எழுதிய உயிலுக்கு, சென்னைக்காரர்கள் சொல்லிவந்த புரொபேட் பயம், அதாவது உயிலை நீதிமன்றத்தில் உறுதி செய்து வாங்க வேண்டுமே என்ற பயம், உங்களுக்கு வேண்டாம்.

எதுவும் செய்யாமல் விட்டு அப்பா நினைவே இல்லாத நிலைக்குப் போய்விட்டால்? மறதி நோயில் முற்றியவருக்குச் சொத்துக் காப்பாளரை நியமிக்க இங்கே நேரடியாக ஒரு எளிய சட்டம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டியிருக்கும். 2024இல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியையே காப்பாளராக நியமித்து, சொத்தைக் கையாளவும் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. வழி இருக்கிறது, ஆனால் காலமும் காசும் போகும்.

---

பாகாயம் நர்ஸ்

ஆஸ்பத்திரியில் யார் முடிவு சொல்வது என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஐசியூவில் பல வருஷம் வேலை பார்த்தவள். வென்டிலேட்டர் போடலாமா என்று டாக்டர் கேட்கும்போது வராந்தாவில் அண்ணன் தம்பி அக்கா தங்கை ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத ஒன்று. யாரும் கெட்டவர்கள் இல்லை. நோயாளி எதை விரும்பினார் என்று ஒருவருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை.

வாழும் உயில் என்று ஒன்று இருக்கிறது. மீள முடியாத நிலைக்குப் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் பேச வேண்டியவர் யார் என்று அவரே முன்கூட்டி எழுதி வைப்பது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் எழுத வேண்டும் என்று இருந்ததால் யாரும் செய்யவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் போதும். பேச வேண்டியவர்களாக ஒருவருக்கு மேல் பெயர் கொடுக்கலாம், உங்களையும் அண்ணனையும் சேர்த்தே போடலாம். இதை எழுதிவிட்டால் உடனே சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழு ஒன்று பார்த்து, இரண்டாவது குழுவும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும்.

இதுவும் அப்பா தெளிவாக இருக்கும்போது மட்டுமே எழுதக்கூடியது. அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பதிவில் அண்ணன் சொன்னது இருக்கிறது, அக்கா சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது. அப்பாவிடம் கேட்டீர்களா? ஆரம்ப நிலை டிமென்ஷியாவில் இருப்பவர்களுக்குத் தங்கள் நோய் தெரியும், பயமும் இருக்கும், நாம் வாயைத் திறந்து கேட்டால் பெரும்பாலானோர் பேசுவார்கள். யுத்த காலத்துக் கதை சொல்கிற மனுஷனால் தன் கடைசிக் காலம் எங்கே, யாரோடு, எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, படுக்கையான பிறகு எல்லாவற்றுக்கும் காசு கொடுத்து ஆள் தேட வேண்டும் என்றில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு, பிசியோதெரபி பார்க்கிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 14567 முதியோர் உதவி எண், அதையும் குறித்து வையுங்கள்.

---

மேல்விஷாரம் வாசி

இந்தத் திரியைப் படிக்கும் எங்கள் ஆட்களுக்காக ஒரு குறிப்பு, கேள்வி கேட்ட சகோதரிக்கு இது பொருந்தாது. முஸ்லிம்களுக்கு உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும், வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினாலும் மற்றவர்கள் சம்மதம் வேண்டும். ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே தானம், கொடுப்பதாக இருந்தால் வாயால் சொன்னால் மட்டும் போதாது, சொத்தின் சுவாதீனத்தையும் ஒப்படைக்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன உயில் யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் சிரமப்பட வேண்டாம். வாழும் உயில், வங்கி விஷயங்கள் எல்லோருக்கும் பொதுதான்.

---

கணியம்பாடி சுபேதார்

அம்மாடி, அப்பா பட்டாளத்துக்காரர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சொத்து ஒரு பக்கம் இருக்கட்டும், மாசாமாசம் சோறு போடப்போவது பென்ஷன்தான், அதை முதலில் பாருங்கள். பிபிஓவில், அதாவது பென்ஷன் உத்தரவில், அம்மா பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா, ஆதாரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஒத்துப்போகாது, சர்வீஸில் சேர்ந்தபோது எழுதியது ஒன்று, ஆதாரில் ஒன்று. அவர் இருக்கும்போது திருத்துவது லேசு. அவருக்குப் பிறகு குடும்ப பென்ஷன் கேட்டு அம்மா அலைவது கொடுமை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தின் கடவுச்சொல் எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்பதையும் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை இல்லை என்றால் அதையும் போடுங்கள்.

பென்ஷன் வரும் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்து ஐதர் ஆர் சர்வைவர் என்று மாற்றுங்கள். அம்மாவே பணம் எடுக்கலாம், அப்பாவுக்குப் பிறகும் கணக்கு நிற்காது. பின்னால் அவரால் கையெழுத்துப் போட முடியாமல் போனாலும், ஆள் தெளிவாக இருக்கும் வரை ரேகையை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி உண்டு, இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. எல்லா வைப்புத்தொகையிலும் நாமினி இருக்கிறதா பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், அதையும் உயிலில் யாருக்கு என்று எழுதத்தான் வேண்டும்.

---

சத்துவாச்சாரி மகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நர்ஸ் அக்கா கேட்ட கேள்வி என்னை ரொம்பப் பாதித்தது. நேற்று காலையில் அப்பாவோடு தனியாக உட்கார்ந்து கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. வீடு அம்மா இருக்கும் வரை அம்மாவுக்கு, அப்புறம் மூன்று பேருக்கும் சமமாக, பெங்களூருக்கு வரமாட்டேன், குழாய் மாட்டிப் படுக்கப் போட வேண்டாம், கம்மவான்பேட்டையிலேயே அடக்கம் பண்ணுங்கள் என்றார். பிபிஓவையும் பார்த்தோம், சுபேதார் ஐயா சொன்ன மாதிரியே அம்மா பெயர் இரண்டிலும் வேறு வேறாகத்தான் இருக்கிறது.

அண்ணனிடமும் பேசினேன். கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உயிலே இருக்கட்டும், ஆனா மாசச் செலவுக்கு நாம மூணு பேரும் இப்பவே ஒரு கணக்குப் போடணும் என்றார். அதுவும் நியாயம்தான். ஒரே ஒரு சந்தேகம். உயில் எழுதும்போது அண்ணனும் அக்காவும் கூட இருக்க வேண்டுமா, நான் மட்டும் அழைத்துப் போகலாமா?

---

ஆற்காடு பத்திரக்காரர்

மூன்று பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள் அம்மா, ஆனால் அப்பா வாசகத்தைச் சொல்லும்போதும் கையெழுத்துப் போடும்போதும் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், வெளியே உட்காருங்கள். டாக்டரும் சாட்சியும் மட்டும் உள்ளே இருக்கட்டும். பதிவு செய்வதற்கு முன்னால் ஆவணத்தை அவருக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், படித்துக் காட்டியதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு நகல் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அம்மா பெயர்த் திருத்தத்தை உயிலுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், அது தனியாக நடக்கட்டும், நாள் எடுக்கும்.